நாற்பது நாள் கொட்டகையில் நூறு நாள் கோழி: காங்கேயம் வட்டாரப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரைச் சேர்ந்த தம்பதியர் ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்த்து வந்தார்கள். பல்லடம், கோயம்புத்தூர் பக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான் அது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை வளர்ப்பவருடையவை. கோழி ஏற்றிய பிறகு எடையையும் தீவன மாற்றுத் திறனையும் (ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் ஆயிற்று என்பதை) கணக்கிட்டு வளர்ப்புக் கூலி தரப்படும். 5,500 சதுர அடிக் கொட்டகையில் 5,000 குஞ்சுகள் இறங்கி, ஏறக்குறைய 40 நாளில் தலா 2 கிலோவைத் தாண்டி லாரி ஏறிவிடும். இடையில் கொட்டகையைச் சுத்தம் செய்யும் நாள்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆறு பேட்ச் எடுக்கலாம். இவை தவிர ஆறு ஏக்கர் நிலம், நான்கு கறவை மாடுகள், கொஞ்சம் தென்னை, அரை ஏக்கர் கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம் ஆகியவையும் அவர்களிடம் இருந்தன.

கால்நடை மருத்துவர் என்ற முறையில் மாடுகளுக்காகவே நான் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். கோழிக்கு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் இருந்ததால், கொட்டகைக்குள் எனக்கு வேலை இருந்ததில்லை. ஒரு வைகாசி மாதத்தில் அந்த வீட்டம்மாதான் என்னை உள்ளே அழைத்துப்போனார். அன்று தொடங்கி மூன்று பேட்ச்கள் விற்றுமுடியும் வரை நடந்தவற்றை, அவர் எழுதிவைத்த குறிப்பேட்டையும் என் குறிப்புகளையும் கொண்டு இங்கே பதிவு செய்கிறேன்.

கறிக்கோழிக் கொட்டகையில் கண்டவை

நான் உள்ளே போன அன்று கோழிகளுக்கு வயது 38 நாள். அந்த வாரத்துச் சித்திரை வெயிலின் மிச்சத்தில் ஒரே பிற்பகலில் 60-க்கும் மேற்பட்ட கோழிகள் இறந்திருந்தன. அவர் என்னை அழைத்ததற்கு அதுவல்ல காரணம். வெயில் சாவு அவருக்குப் பழகியது. “உக்காந்தே கெடக்குதுங்க சார். தண்ணிக்கு எந்திரிச்சுப் போறதுக்குக்கூட யோசிக்குது. இதைத் தெனமும் பாத்துட்டு இருக்க முடியலைங்க,” என்றார்.

அவர் சொன்னது மிகையா என்று பார்க்க, கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்து, எதிர்ப்பட்ட 100 கோழிகளை எழுப்பி நடக்கவிட்டோம். ஐந்து அடி வைப்பதற்குள் 21 கோழிகள் மீண்டும் உட்கார்ந்துவிட்டன. இரண்டு நாள் கழித்து ஏற்றும்போது 50 கோழிகளின் பாதங்களைத் திருப்பிப் பார்த்ததில், 19 கோழிகளின் அடிப்பாதத்தில் கறுத்த புண் இருந்தது. தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவு ஈரமாகி, அதில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு, எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா பாதத்தையும் கணுக்கால் மூட்டையும் நெஞ்சுத் தோலையும் அரித்துவிடுகிறது. இதில் வளர்ப்பவரின் கவனக்குறைவு என்று சொல்ல எதுவும் இல்லை. அந்தக் கொட்டகை அவ்வட்டாரத்தில் நல்ல முறையில் பராமரிக்கப்பட்ட கொட்டகைகளில் ஒன்று.

காரணம் கோழியின் மரபிலேயே இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய காலங்களைச் சேர்ந்த கோழி மரபுகளுக்கு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 56 நாளில் முதல் வகை 905 கிராமும், இரண்டாவது 1,808 கிராமும், மூன்றாவது 4,202 கிராமும் இருந்தன. தீவனம் மாறவில்லை, நாள் மாறவில்லை. தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியது ஒன்றே வேறுபாடு. நெஞ்சுத் தசை ஏறும் வேகத்துக்குக் காலெலும்பும் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாதபோது, நாங்கள் கண்டதுபோல் கோழி நடக்க மறுக்கிறது. சில வேளைகளில் இதயம் நின்றும் வயிற்றில் நீர் கோத்தும் இறக்கிறது.

ஒப்பந்தத்தை விடும் முடிவு

முதலில் அவர்கள் எண்ணியது கொட்டகையைத் தடுத்து ஒரு பகுதியில் மட்டும் மெதுவாக வளரும் கோழியை வைத்துப் பார்க்கலாம் என்பதே. ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை. நோய் பரவும் என்பதால் அதே வளாகத்தில் வேறு எந்தக் கோழியும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனை நியாயமானதே. 40 நாளில் போகும் கோழிகளுக்குப் பக்கத்தில் 100 நாள் வாழும் கோழிகள் இருந்தால், ஒரு பேட்சின் கிருமி அடுத்த பேட்சுக்குத் தவறாமல் போய்ச் சேரும்.

ஆகவே முழுவதும் விடுவதா, வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. கணவருக்கு விருப்பமில்லை. கூலி குறைவாக இருந்தாலும் விலை சரியும் நட்டம் தம்மைச் சேராது என்பதை அவர் பெரிதாக மதித்தார். கோழியின் விலை அதல பாதாளத்துக்குப் போன மாதங்களிலும் அவர்களுக்குக் கூலி வந்திருந்தது. மனைவிக்கோ அந்தக் கொட்டகைக்குள் நிற்பதே பாரமாகிவிட்டது. பால் வருமானம் வீட்டுச் செலவைத் தாங்கும், கொட்டகைக் கடன் முடிந்துவிட்டது ஆகிய இரண்டையும் வைத்து, ஓராண்டு மட்டும் முயன்று பார்ப்பது என்று முடிவாயிற்று. கடன் பாக்கி இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

முதல் பேட்ச்: மாசி முதல் வைகாசி வரை

ஈரோட்டுப் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றிலிருந்து அசில் என்ற நாட்டுச் சண்டைக்கோழி இனத்தின் கலப்புக் குஞ்சுகள் 1,500 வாங்கினார்கள். கொட்டகையில் 2,000 சதுர அடியைத் தடுத்துக் கோழிக்கு ஒன்றேகால் சதுர அடிக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தார்கள். கறிக்கோழிக்குக் கொடுத்ததைவிட அதிகம் என்பதால் போதும் என்று எண்ணினோம். தீவனமும் கறிக்கோழித் தீவனம்தான். குஞ்சுப் பருவத்தில் 42 இறந்தன. அது எதிர்பார்த்த அளவே.

ஆறாம் வாரத்தில் கொத்திக்கொள்ளத் தொடங்கின. முதலில் வால் இறகு, பிறகு ஆசனவாய்ப் பகுதி. ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் அங்கேயே கொத்தும். ஒன்பதாம் வாரத்துக்குள் 118 கோழிகள் இப்படி இறந்தன. கறிக்கோழிக் கொட்டகையில் இந்தத் தொல்லை அரிது. அந்தக் கோழிக்கு எழுந்து சண்டையிடவே தெம்பிருக்காது. நடக்கவும் கிளறவும் பறந்து ஏறவும் சண்டையிடவும் வலுவுள்ள ஒரு கோழியை, கிளற எதுவும் இல்லாத வெறும் தரையில் நெருக்கமாக அடைத்துவைத்தால் அந்த வலு முழுவதும் பக்கத்துக் கோழியின் மேல்தான் போகும். இனத்தை மாற்றினால் நலம் தானாக வந்துவிடும் என்று நாங்கள் மூவரும் எண்ணியிருந்தோம். நல்ல காலுள்ள கோழி தவறான இடத்தில் இருந்தால் படும் துன்பம், நடக்க முடியாத கோழி படும் துன்பத்துக்குக் குறைந்ததல்ல என்பதை அந்த மூன்று வாரங்கள் கண்முன் காட்டின.

பத்தாம் வாரத்தில், சித்திரைக் கடைசியில், ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. கழுத்து திருகிய கோழிகளும் பச்சையாகக் கழிந்த கோழிகளுமாக 12 நாளில் 327 இறந்தன. அறுத்துப் பார்த்ததில் முன் இரைப்பையில் ரத்தப் புள்ளிகள் தெளிவாக இருந்தன. இந்தப் பிழை என்னுடையது. 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 14-ஆம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்து, 28-ஆம் நாள் குடிநீரில் வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா மருந்து என்று கறிக்கோழிக்குப் பழகிய அட்டவணையை எழுதிக் கொடுத்து, அத்துடன் விட்டுவிட்டேன். அந்த மருந்துகள் தரும் எதிர்ப்பாற்றல் 40 நாள் வாழும் கோழிக்குப் போதும். 100 நாள் வாழும் கோழிக்கு, அது தேய்ந்த பிறகும் கடக்க வேண்டிய நாள்கள் நிறைய இருக்கின்றன. வெள்ளைக் கழிச்சலுக்கு எட்டாவது வாரத்தில் போட வேண்டிய ஆர்2பி தடுப்பூசி புழக்கடைக் கோழி வளர்ப்போர் எல்லோருக்கும் தெரிந்தது. கறிக்கோழிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே சிந்தித்ததால் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

மிஞ்சியவை 1,013. அவற்றில் 995 கோழிகளை வியாபாரிக்கு உயிர் எடைக்கு விற்றார்கள். குஞ்சின் விலையும் தீவனச் செலவும் மட்டுமே ஒருவாறு திரும்பி வந்தன. மூன்று மாத உழைப்புக்கு ஒன்றும் இல்லை.

தொடர்ந்ததற்கான காரணம்

இத்துடன் நிறுத்திவிடுவது என்று கணவர் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. முடிவை மாற்றியவை வியாபாரி கழித்துவிட்டுப் போன 18 கோழிகள். அவற்றைப் பகலில் கொறங்காட்டில் விட்டார்கள். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கும் மேய்ச்சல் நிலம் அது. மாடும் ஆடும் மேய்வதற்காகவே எங்கள் வட்டாரத்தில் தலைமுறைகளாகக் காக்கப்பட்டு வருவது. ஒரு வாரத்துக்குள் இறகு முளைத்தது, கொத்திக்கொள்வது நின்றது, வெயில் நேரத்தில் மரத்தடியில் மண்குளியல், மாலையில் கிளைகளில் அடைதல் என்று அவை தம் போக்கில் இருந்தன. ஆடி நோன்புக்கு உறவினர்கள் வந்தபோது அவற்றில் நான்கை அறுத்தார்கள். அப்போது அவற்றுக்கு 150 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. குழம்பை உண்ட பெரியவர் ஒருவர், சிறு வயதில் உண்ட கறி இதுதான் என்று சொல்லி எலும்பைக் கடித்துக்கொண்டே இருந்தாராம். வியாபாரிக்கு விற்ற கோழியை அதே வீட்டில் சமைத்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதை வீட்டம்மா குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். இனம் ஒன்றுதான், வயதும் நடமாட்டமும் வேறு.

இரண்டாம் பேட்ச்: புரட்டாசி முதல் தை வரை

எண்ணிக்கையை 800 ஆகக் குறைத்தார்கள். கொட்டகைக்குள் கோழிக்கு இரண்டரை சதுர அடியும், ஐந்து வாரத்துக்குப் பிறகு கொறங்காட்டில் ஏறக்குறைய 27 சதுர அடியும் கிடைத்தன. பிரான்சில் லேபிள் ரூஷ் என்ற தர முத்திரை பெறும் கோழிக்கு வெளியில் குறைந்தது 2 சதுர மீட்டர் இடமும், அறுக்குமுன் குறைந்தது 81 நாள் வயதும் கட்டாயம். அந்த இரண்டு அளவுகளையும் கீழ் எல்லையாக வைத்துக்கொண்டோம். சவுக்குக் கழிகளை ஏணிபோல் சாய்த்து அடைவதற்கு இடம் செய்தார்கள். அகத்தி, முருங்கை, வேலிமசால் ஆகிய தழைக் கட்டுகளைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டார்கள்.

அலகு நுனியை வெட்டுவது பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. முதல் பேட்சின் சாவுகளை நினைத்து நான் வெட்டிவிடலாம் என்றேன். வீட்டம்மா ஒப்பவில்லை; துன்பப்படாத கோழிக்காகத்தானே இதில் இறங்கினோம் என்பது அவர் வாதம். வெட்டாமல் விட்டோம், கொத்தலால் இறந்தவை 14 மட்டுமே. இந்த எண்ணிக்கையில், இந்த அளவு இடத்தில் அவர் எடுத்த முடிவே சரி. 5,000 கோழிகளை அடைத்து வைத்திருப்பவருக்கு இதை நான் துணிந்து சொல்ல மாட்டேன்.

ஆர்2பி ஊசியை 56-ஆம் நாளில் ஒவ்வொரு கோழிக்கும் நானே நின்று போட்டேன்; அம்மைத் தடுப்பூசியும் போடப்பட்டது. வெள்ளைக் கழிச்சல் வரவில்லை. ஆனால் ஐப்பசி மழையில் வேறொன்று வந்தது. மக்காச்சோளம், கம்பு, சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், தாது உப்பு என்று தீவனத்தை இம்முறை அவர்களே அரைத்துக் கலந்திருந்தார்கள். குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கறிக்கோழித் தீவனத்தில் முன்னரே கலந்து வரும். கைக்கலவையில் அது இல்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சாரல் அடித்து நனைந்த நார்க்கழிவில் ஐந்தாம் வாரம் நோய் தொடங்கி, குடிநீரில் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கொடுத்துக் கட்டுக்குள் வருமுன் 44 குஞ்சுகள் இறந்தன. நனைந்த நார்க்கழிவை வாரி அகற்றிப் புதியதைக் கொட்டி, தினமும் கிளறிவிட்ட பிறகே முற்றிலும் அடங்கியது.

கொறங்காட்டுக் கதவைத் திறந்த முதல் பத்து நாள் கோழிகள் வெளியே வரத் தயங்கின. வந்தவையும் சுவரை ஒட்டியே நின்றன. கொட்டகைக்கும் முதல் மரத்துக்கும் இடையே இருந்த வெட்டவெளிதான் தடை என்று கண்டு, தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்றை இணைப்பாகப் போட்டதும் கூட்டமாகப் போய்வரத் தொடங்கின. கீரியும் பருந்தும் 23 கோழிகளைக் கொண்டுபோயின. குஞ்சுப் பருவத்தில் இறந்த 19, காரணம் தெரியாமல் இறந்த 9 ஆகியவற்றையும் சேர்த்தால் இழப்பு 109. பொங்கலுக்கு 691 கோழிகள் நின்றன.

கறி பற்றிய முறையீடும் அதன் காரணமும்

இந்தப் பேட்சில் 300 கோழிகளை வீட்டிலேயே நேரடியாக விற்றார்கள். மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, தோலோடு வெட்டித் தந்தார்கள். முதல் வாரத்திலேயே “கறி வேகவில்லை, ரப்பர் மாதிரி இருக்கிறது” என்று சிலர் திரும்பி வந்தார்கள். வேறு சிலர் அதே நாளில் அதே கோழியை வாங்கி, மிக நன்றாக இருந்தது என்றார்கள். வீட்டம்மா ஒவ்வொருவரிடமும் எப்போது அடுப்பில் வைத்தீர்கள் என்று கேட்டு எழுதியதில் காரணம் தெரிந்தது. முறையிட்டவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் குடியிருப்பவர்கள்; வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் சமைத்தவர்கள். தொலைவிலிருந்து வந்தவர்கள் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் வைத்து மாலையில் சமைத்திருந்தார்கள்.

உயிர் பிரிந்த சற்று நேரத்தில் தசை இறுகிவிடும். சில மணி நேரம் கழிந்த பிறகே தளரும். இளம் கறிக்கோழியில் இந்த வேறுபாடு பல்லுக்கு அவ்வளவாகத் தெரியாது. வயது கூடி, நடந்து திரிந்து, இணைப்புத் திசு உறுதிப்பட்ட கோழியில் நன்றாகவே தெரியும். சுவை தருவதும் அதே உறுதிதான், ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் அறுத்துக் குளிரவைத்துப் பகலில் தரலாம் என்றால், கண்ணெதிரே அறுக்காத கறியை எங்கள் ஊரில் நம்பி வாங்க மாட்டார்கள். எனவே கண்ணெதிரே அறுத்துத் தந்து, ஐந்து மணி நேரம் குளிரில் வைத்துச் சமைக்கும்படியும், குக்கரில் விசில் எண்ணாமல் சட்டியில் மூடி முக்கால் மணி நேரம் வேகவிடும்படியும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். முறையீடு பெருமளவு நின்றது.

பிடிக்கும் முறையும் அப்போதுதான் மாறியது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும்போது கோழி சிறகடித்துப் போராடுவதால் தொடையிலும் சிறகிலும் ரத்தம் கட்டியிருந்தது. இருட்டில், இரு கைகளாலும் உடலோடு சேர்த்துப் பிடித்துக் கூடையில் வைக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கறுப்புத் தழும்புகள் அரிதாயின.

மூன்றாம் பேட்சும் கணக்கும்

புரட்டாசியில் கறி விற்காது என்பதால், குஞ்சை ஆடி முதல் வாரத்தில் இறக்கித் தீபாவளிக்கு ஒட்டி 100 நாள் நிறையும்படி திட்டமிட்டார்கள். முன்பு வாங்கிய குஞ்சுகளில் சில 60 நாளிலேயே ஒன்றரை கிலோ ஏறியதைக் கண்டு, அசில் என்ற பெயரில் வேகமாக வளரும் வண்ணக்கோழிக் கலப்பு வருவதாக ஐயம் எழுந்திருந்ததால், தாய்க்கோழிக் கூட்டத்தை நேரில் பார்த்து, பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி வகையை வைத்திருந்த ஒருவரிடம் இம்முறை வாங்கினார்கள். 800 குஞ்சுகளில் 748 தேறின. 100-ஆம் நாள் பழைய முறையில் 100 கோழிகளை நடத்திப் பார்த்தோம். ஒன்றும் உட்காரவில்லை, பிடிக்கத்தான் முடியவில்லை. 50 கோழிகளின் பாதங்களைப் பார்த்ததில் மூன்றில் மட்டும் சிறு புண் இருந்தது.

சராசரி எடை 105 நாளில் 1.42 கிலோ, சேவல் ஒன்றரைக்கு மேல், பெட்டை ஒன்றேகாலுக்குக் கீழ். ஒரு கோழி தின்ற தீவனம் சுமார் 4.7 கிலோ. அதாவது ஒரு கிலோ உயிர் எடைக்கு 3.3 கிலோ தீவனம். முன்பு வளர்த்த கறிக்கோழிக்கு 1.65 கிலோ போதுமாக இருந்தது. இந்த இரட்டிப்புச் செலவை மறைத்துவிட்டு மெதுவாக வளரும் கோழியைப் புகழ்ந்து பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூடுதல் தீவனம் என்றால் கூடுதல் மக்காச்சோள நிலமும்தான். கோழிக்குக் கொடுக்கும் 60 நாளின் விலையை வளர்ப்பவரோ, வாங்குபவரோ யாராவது ஒருவர் கொடுத்தே தீர வேண்டும்.

நேரடியாக விற்ற கோழிகளில் அந்த விலை கிடைத்தது. வியாபாரிக்குப் போனவற்றில் கிடைக்கவில்லை. அவருக்கு 75 நாள் கோழியும் 105 நாள் கோழியும் ஒரே விலை, எடை கூடினால் கடையில் விற்காது என்று குறைத்தும் கேட்டார். 748-இல் 510 கோழிகள் நேரடியாக விற்றதால் ஆதாயம் மிஞ்சியது. ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால், இரண்டு பேட்ச் மட்டுமே முடியும் இந்த முறையில் வந்த வருமானம் ஒப்பந்தக் கூலியில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். அதை அறிந்தே அவர்கள் ஒப்பந்தத்துக்குத் திரும்பவில்லை. கணவரும் இப்போது மறுப்புச் சொல்வதில்லை. மாலையில் கோழி அடையும் நேரத்தில் கொறங்காட்டில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மீண்டும் தொடங்கினால் மாற்ற வேண்டியவை

முதல் பேட்சை 200 குஞ்சுகளுக்கு மேல் இறக்கியிருக்கக் கூடாது. கொத்தலும் கழிச்சலும் அப்போதும் வந்திருக்கும். பாடம் அதே பாடம், சாகும் உயிர்கள் குறைவு. தடுப்பூசி அட்டவணையைக் கோழி விற்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுத வேண்டும் என்பதை, இத்தகைய பண்ணை தொடங்க வருகிறவர்களிடம் நான் இப்போது முதல் வார்த்தையாகச் சொல்கிறேன்.

சேவலையும் பெட்டையையும் எட்டு வாரத்தில் பிரிக்காததால் கடைசி மூன்று வாரங்களில் சேவல்கள் சண்டையிட்டுக் கொண்டை கிழிந்தன. பெட்டைகள் தீவனத் தொட்டிக்கு வரப் பயந்தன. அடுத்த பேட்சில் கொறங்காட்டை நடுவில் வலை கட்டிப் பிரிக்கப் போகிறார்கள். சேவல்களை 90 நாளிலும், பெட்டைகளை 120 நாளிலும் விற்பது என்றும், நல்ல பெட்டைகளில் 40-ஐத் தாய்க்கோழியாக நிறுத்திக் குஞ்சை வீட்டிலேயே பொரிக்கவைப்பது என்றும் திட்டம்.

மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு தரவில்லை என்பதும் குறையே. தொடர்ந்து இரண்டு பேட்ச் மேய்ந்ததில் கொட்டகையை ஒட்டிய பகுதியில் கொழுக்கட்டைப் புல் அடியோடு போய்விட்டது. கோழி எச்சத்தில் நாடாப்புழுவின் அறிகுறிகளும் தெரிந்தன. இந்த மழைக்கு அந்தப் பக்கத்தை அடைத்துப் புல் விதை தூவியிருக்கிறார்கள். அடுத்த குஞ்சு மாசியில்தான் இறங்கும்.